அரிசி டிரம்முக்குள் வெனிலா

வல்லரசு இளவரசியை முதல்முதலாக அடித்தது கல்யாணமான பதினோராம் நாள். ரசத்தில் உப்பு கூடிப்போயிருந்தது. தட்டைச் சுவரில் வீசியவன் எச்சில் கையோடே கன்னத்தில் ஒன்று விட்டான். அன்று சாயங்காலம் வரை அவள் காதுக்குள் கொய்யென்று இரைந்துகொண்டே இருந்தது. மாமியார் முனியம்மாள் சிதறிய சோற்றை வழித்தெடுத்தபடி, "ஆம்பளைன்னா கை நீளத்தான் செய்யும். நீ உப்பைப் பாத்துப் போடு" என்றாள்.

அடுத்த எட்டு வருஷத்தில் அவன் எதையெல்லாம் எடுத்து அடித்தான் என்று இளவரசியால் வரிசையாகச் சொல்ல முடியும். பெல்ட். செல்போன் சார்ஜர் வயர். லோடு வண்டியில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டைகளை இறுக்கிக் கட்டும் நைலான் கயிறு. ஒருமுறை வண்டி ஜாக்கியின் இரும்புக் கைப்பிடி. அதில் முறிந்த இடது மணிக்கட்டு கொஞ்சம் கோணலாகவே கூடியது. திண்டிவனத்தில் அந்தத் தெருவுக்கே இது தெரியும். அவள் அலறினால் பக்கத்து வீட்டில் டிவி சத்தம் கொஞ்சம் ஏறும்.

அவளுக்கு அடி புதிதுமல்ல. சொந்த ஊரான மண்டகப்பட்டில் அப்பா விருத்தாசலம் வரப்புத் தகராறில் யாரிடமாவது தோற்றுவிட்டு வந்தால் அம்மாவின் தலைமுடி அன்றைக்கு அவர் கையில்தான் இருக்கும். அந்த வீட்டிலிருந்து தப்பித்து உட்கார இளவரசிக்குக் கிடைத்த இடம் விழுப்புரத்தில் அவள் படித்த கல்லூரியின் வேதியியல் ஆய்வுக்கூடம். மூன்று வருஷம் டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனாள். கண்ணாடிக் குழாயிலிருந்து கடைசிச் சொட்டு விழுந்ததும் குடுவை முழுக்க நிறம் மாறும் அந்த நொடிக்காகவே போனாள் என்று சொல்லலாம். சொன்ன அளவில் சொன்னதைப் போட்டால் சொன்னது நடந்தது. வீட்டில் எதுவும் அப்படி நடந்ததில்லை. கடைசிப் பரீட்சை முடிந்த அதே மாதம் விருத்தாசலம் அவளைத் திண்டிவனத்து வல்லரசுக்குக் கட்டிக்கொடுத்தார். சொந்த வண்டி, ஒரே பையன், ஓட்டு வீடானாலும் சொந்த வீடு என்றார்.

மூன்றாம் வருஷம் அவள் வயிற்றில் ஐந்து மாதம். குடித்துவிட்டு வந்தவன் வண்டிச் சாவி கொடுக்கத் தாமதமானதற்கு எட்டி உதைத்தான். அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது முனியம்மாள் முந்திக்கொண்டு, "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா, சிஸ்டர்" என்றாள். பணியிலிருந்த நர்ஸ் பெயர் ஜெசிந்தா. இளவரசியைத் திருப்பிப் படுக்க வைத்து முதுகைப் பார்த்தாள். வரி வரியாகத் தடித்திருந்தது.

"ஏம்மா, பாத்ரூம்ல பெல்ட்டும் இருந்துச்சா?" என்று கேட்டாள்.

குழந்தை தங்கவில்லை. வீட்டுக்குப் போகும் நாளில் ஜெசிந்தா அவள் கையைப் பிடித்து, "நீ எப்ப சொன்னாலும் நான் வந்து சாட்சி சொல்றேன். ஆனா நீதான் சொல்லணும்" என்றாள். இளவரசி அப்போது சொல்லவில்லை.

பிறகு ஜெசிந்தா அடுத்த தெருவுக்கே வாடகைக்குக் குடிவந்தாள். ஒரு கிறிஸ்துமஸுக்கு அவள் செய்து கொடுத்த கேக்கைத் தின்றுவிட்டு, இது எப்படி உப்புகிறது, சோடா மாவிலிருந்து வாயு எத்தனை டிகிரியில் கிளம்பும் என்று இளவரசி துருவித் துருவிக் கேட்டாள். கேட்டதோடு நிற்கவில்லை. குக்கரில் ரப்பரைக் கழற்றிவிட்டு, அடியில் உப்பைக் கொட்டிச் சூடாக்கி, அலுமினியப் பாத்திரத்தில் மாவை ஊற்றி வைத்தாள். முதல் கேக் அடிபிடித்தது. இரண்டாவது நடுவில் குழிந்தது. நான்காவது கேக்கை ஜெசிந்தா ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய் எல்லாருக்கும் பங்கு போட்டாள். புது ஓவன் வாங்கியபோது தன் பழைய ஓவனை அவளுக்கே கொடுத்துவிட்டாள். பிறந்தநாள் கேக் கேட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். இதில் வல்லரசுக்கும் ஆதாயம் இருந்ததால், அவளை அடித்தானே தவிர ஓவனை உடைக்காமல் விட்டுவைத்தான்.

விழுப்புரத்தில் கலைப்பிரியா என்று ஒரு டீச்சர். மகளின் பிறந்தநாளுக்கு இரண்டு கிலோ கேக் வாங்கிப்போனவர் மறுநாள் போன் செய்தார். "கேக் பஞ்சு மாதிரி இருந்துச்சும்மா. ஆனா இருமல் சிரப் வாசனை அடிக்குது. பசங்க பாதியில வச்சுட்டாங்க."

இளவரசிக்கு அது சுருக்கென்று தைத்தது. கடையில் விற்கும் வெனிலா எசன்ஸ் பாட்டிலை முகர்ந்து பார்த்தாள். உண்மைதான், மூடியைத் திறந்ததும் மருந்துக் கடைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. ஓவன் சூட்டில் பாதி வாசனை பறந்துவிட, கேக்கை வெட்டும்போது முட்டைக் கவிச்சிதான் முன்னால் வந்து நின்றது. தேடிப் படித்தாள். அது ஆலையில் கூட்டிச் சேர்த்த வாசனை. நிஜ வெனிலா ஒரு கொடியில் காய்க்கும் காய். அதைப் பதப்படுத்தி, நூற்றுக்கு நாற்பது பங்கு சாராயச் சத்துள்ள திரவத்தில் எட்டு வாரம் ஊறவைத்தால் வாசனை முழுக்கத் திரவத்தில் இறங்கிவிடும். ஆய்வுக்கூடத்தில் இலையிலிருந்து சாறு பிரித்ததுபோல்தான். படித்ததும் அவளுக்குக் கை பரபரத்தது.

பொள்ளாச்சியிலிருந்து கூரியரில் காய்கள் வந்தன. காய்ந்த முருங்கைப் பிஞ்சு மாதிரி கறுத்து, எண்ணெய்ப் பிசுக்கோடு வளைந்தன. உறையைப் பிரித்ததும் அந்தச் சமையலறையில் அதுவரை இல்லாத ஒரு வாசனை எழுந்தது. அவள் கதவைச் சாத்திக்கொண்டு ரொம்ப நேரம் அதையே முகர்ந்துகொண்டிருந்தாள்.

சாராயத்துக்கு ஜெசிந்தாவின் தம்பி அந்தோணிசாமியைப் பிடித்தார்கள் இருவரும். "வாசனையே இல்லாத வெள்ளைச் சரக்கு ஒரு ஆஃப் பாட்டில் வேணும்" என்றாள் ஜெசிந்தா.

"யாருக்குக்கா?"

"கேக்குக்குடா."

அவன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வோட்கா வாங்கி வந்தான். காயைக் கத்தியால் நெடுக்கக் கீறி, பாட்டிலுக்குள் இறக்கி, ஜெசிந்தா வீட்டு அலமாரியில் வைத்தார்கள். வாரம் ஒருமுறை இளவரசி போய்க் குலுக்கிவிட்டு வந்தாள். எட்டாம் வாரம் திரவம் தேயிலைத் தண்ணீர்போல் சிவந்திருந்தது.

அதன்பிறகு அவள் கேக்கே வேறாகிவிட்டது. வெண்ணெயும் சர்க்கரையும் நுரைத்து வந்த பிறகு ஒரு ஸ்பூன் விட்டால் கொழுப்பு அந்த வாசனையைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கஸ்டர்டை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் விடவேண்டும், கொதிக்கும்போது விட்டால் ஆவியோடு போய்விடும். கேப்பை மாவும் வெல்லமும் போட்ட பிஸ்கட்டில் நாலு சொட்டு விட்டதும் பச்சை மாவு நெடி அடங்கிப்போனது. மல்லாட்டையைப் பொடித்துப் போட்ட பிஸ்கட்டுக்குத் தனியாக ஆட்கள் கேட்டு வந்தார்கள். கலைப்பிரியா டீச்சர் தன் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் எல்லாருக்கும் நம்பரைக் கொடுத்தார்.

தை மாதம் இரண்டாம் பாட்டில் போட்டபோது ஜெசிந்தா வீட்டில் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். பொருளெல்லாம் வாசலில் கிடந்தது. இளவரசி யோசித்துவிட்டுப் பாட்டிலைத் தன் வீட்டு அரிசி டிரம்முக்குள் புதைத்தாள். இருட்டாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும். அந்த டிரம்முக்குள் அவளைத் தவிர யாரும் கைவிட மாட்டார்கள்.

மாசி பிறந்ததும் வல்லரசு வழக்கம்போல மாலை போட்டான். பங்குனி உத்திரத்துக்கு மயிலம் முருகனுக்குக் காவடி எடுக்க நாற்பத்தெட்டு நாள் விரதம். மஞ்சள் வேட்டி, கழுத்தில் உருத்திராட்சம், காலில் செருப்பில்லை. குடியில்லை, கறியில்லை, முட்டை வீட்டுக்குள் வரக்கூடாது. இளவரசி தயிரை வைத்து முட்டையில்லாத கேக்காகச் செய்தாள். அவனைச் 'சாமி' என்றுதான் கூப்பிடவேண்டும். வருஷத்தில் அவள் அடிபடாத நாட்கள் அந்த நாற்பத்தெட்டுதான். முதுகைக் கீழே வைத்து மல்லாந்து படுத்துத் தூங்குவாள்.

இந்தமுறை இருபதாம் நாளே அது முடிந்தது. மதியச் சாப்பாட்டில் மோர் புளித்திருந்தது. அவன் எழுந்து அவள் கொண்டையைப் பிடித்துச் சுவரோடு வைத்து அழுத்தினான். "சாமிக்கு இதைத்தான் ஊத்துவியாடி?" என்று முகத்துக்கு நேராகக் கத்தினான். அடி விழப்போகிறது என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டவளுக்கு அவன் மூச்சு மூக்கில் பட்டது. பீடி நாற்றம் இல்லை. வழக்கமான பிராந்தி நெடி இல்லை. கேக் வாசனை அடித்தது.

அன்று பட்ட அறைகளைவிட அதுதான் அவளைக் கலங்கடித்தது. அவன் வெளியே போனதும் டிரம்முக்குள் கையை விட்டாள். பாட்டில் இருந்தது, கழுத்துவரை நிறைந்தும் இருந்தது. ஆனால் ஐந்து வாரத்தில் சிவந்திருக்கவேண்டிய திரவம் கலங்கல் தண்ணீர்போல வெளுத்திருந்தது. ஸ்பூனில் கொஞ்சம் ஊற்றித் தீக்குச்சியைக் கிழித்துக் காட்டினாள். குச்சி சுர்ரென்று அணைந்தது. நாற்பது பங்கு சாராயம் அந்த மாசி வெயில் சூட்டுக்கே நீலமாகப் பற்றியிருக்கவேண்டும். இதில் முக்கால்வாசி தண்ணீர்.

எப்படிக் கண்டுபிடித்தான் என்பதும் புரிந்தது. காவடிக் குழுவின் அன்னதானத்துக்கு வீடு வீடாக அரிசி திரட்டியபோது அவனே படியை எடுத்து டிரம்முக்குள் விட்டிருந்தான். ஊருக்குத் தெரியாமல் குடிக்க அதைவிடத் தோதான சரக்கு கிடையாது. வாயைத் திறந்தால் பலகாரக் கடை வாசனைதான் வரும்.

இளவரசி யாரிடமும் சொல்லவில்லை. பாட்டிலை இருந்த இடத்திலேயே வைத்தாள். அதைத் தொட்டால் தனக்குத் தெரிந்துவிட்டது அவனுக்குத் தெரிந்துவிடும். இன்னும் இருபத்தெட்டு நாள், இருபத்தேழு நாள் என்று எண்ணிக்கொண்டு, இரண்டு நாளைக்கு ஒருமுறை அடியும் வாங்கிக்கொண்டு இருந்தாள்.

மயிலத்துக்குப் புறப்படுவதற்கு முதல் நாள் அவர்கள் வீட்டில்தான் பூஜை. காவடிக் குழுவுக்குத் தலைவர் சீனுவாசன், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். இருபது வருஷமாகக் காவடி எடுப்பவர். காலை பத்து மணிக்குப் பத்துப் பன்னிரண்டு பேரோடு வந்தார். கூடத்தில் முருகன் படத்துக்கு மாலை சாத்தி, சாம்பிராணி போட்டார்கள். சமையலறையில் இளவரசி ஒரு பக்கம் சோற்றுக்கு உலை வைத்துவிட்டு, மறுபக்கம் சாயங்காலம் கொடுக்கவேண்டிய கேக்கை ஓவனில் வைத்திருந்தாள். வீட்டுக்குப் புதிதாக வந்த ஆட்களின் எண்ணிக்கையைப் பார்த்த சீனுவாசன், "அரிசி இன்னும் ரெண்டு படி போடணும்மா. நீ உலையப் பாரு, நான் எடுத்துக்கறேன்" என்று அவரே டிரம்மைத் திறந்தார்.

அவள் ஓடிவருவதற்குள் படி கண்ணாடியில் மோதியது. அவர் பாட்டிலை வெளியே எடுத்துத் தூக்கிப் பிடித்தார். மேலே பாதி கிழிந்த லேபிள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இன்னாமா இது? விரத வூட்ல?"

கூடத்தில் பஜனை நின்றது. எல்லாரும் எழுந்து வந்தார்கள். இளவரசி வாயைத் திறப்பதற்குள் வல்லரசு முன்னால் பாய்ந்தான்.

"இவ குடிப்பா சாமி! கேக்குக்கு, கேக்குக்குன்னு சொல்லிக்கினு இவ குடிச்சிக்கினு கீறா. மானத்துக்குப் பயந்துக்கினு நான் வெளிய சொல்லல."

சொல்லிக்கொண்டே புறங்கையால் அவள் வாயில் அடித்தான். உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. பன்னிரண்டு ஆண்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாசலில் முனியம்மாள், "எனக்கு அப்பவே சந்தேகம்" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

எட்டு வருஷம் வாங்கிய அடியெல்லாம் அவளைப் பேச வைக்கவில்லை. இந்தச் சொல் பேச வைத்தது. வாயில் ஊறிய ரத்தத்தைத் துப்பிவிட்டு அவள் சீனுவாசனைப் பார்த்துச் சொன்னாள்.

"ஐயா, என் வாயையும் மோந்து பாருங்க. அவரையும் ஊதிக் காட்டச் சொல்லுங்க."

"இன்னாடி சொன்ன?" என்றான் வல்லரசு.

"அதுல பன்னெண்டு வெனிலா காய் ஊறுது. இவர் ஒரு மாசமா அதைக் குடிச்சிட்டுத் தண்ணி ஊத்தி வைக்கிறார். ஊதச் சொல்லுங்கய்யா."

சீனுவாசன் பாட்டிலைக் கீழே வைத்தார். பிறகு, "ஊது, வல்லரசு" என்றார். சாமி என்று சொல்லவில்லை. அவன் முகத்தைத் திருப்பினான். அவர் அவன் தாடையைப் பிடித்து இழுத்து, கிட்டப்போய் முகர்ந்தார். அவர் முகம் சுருங்கியது. அவன் கழுத்திலிருந்த மாலையைப் பிடித்துக் கழற்றினார். நூல் அறுந்து மணிகள் தரையெங்கும் தெறித்தன.

"நீ நாளைக்கு வராத" என்றார். "வாங்கப்பா, போலாம். இதுக்கு மேல அவங்க குடும்ப விஷயம்."

பன்னிரண்டு பேரும் வரிசையாக வெளியே போனார்கள். அவள் உதட்டிலிருந்து ரத்தம் கழுத்தில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டேதான் போனார்கள். ஒருவன் போகிற போக்கில் வாசல் கதவை மரியாதையாகச் சாத்திவிட்டும் போனான்.

வல்லரசு தாழ்ப்பாளைப் போட்டான்.

அன்று அவன் எதையும் தேடி எடுக்கவில்லை. வெறுங்கையால் தொடங்கினான். மூக்கில் குத்தினான். கீழே விழுந்தவளின் விலாவில் காலால் மிதித்தான். "எல்லார் எதிர்லயும் மாலைய கழட்ட வெச்சிட்டியேடி" என்று ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு மிதித்தான். தலைமுடியைப் பிடித்துத் தூக்கி, பின்மண்டையைச் சமையல் மேடையின் கருங்கல் விளிம்பில் மோதினான். ஒரு முறை. இரண்டாம் முறை மோதியபோது அவளுக்குக் கண்ணுக்குள் வெள்ளை வெளேரென்று ஆனது. மூன்றாவதாக மோதினால் செத்துவிடுவோம் என்று தெளிவாகத் தோன்றியது. அது பயமாகக்கூட இல்லை. ஒரு கணக்கின் விடைபோல் தெரிந்தது.

கை துழாவியதில் ஓவனின் கதவு பட்டது. திறந்தாள். கையுறை இல்லை. நூற்றெண்பது டிகிரியில் முக்கால் மணி நேரமாக நின்றிருந்த தகர அச்சை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, திரும்பி, அவன் முகத்தில் அறைந்தாள். அவன் அலறல் அவள் இதுவரை கேட்காத சத்தமாக இருந்தது. நடுவில் இன்னும் வேகாமலிருந்த மாவு கன்னத்தில் ஒட்டிக்கொண்டு கொதித்தது. அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு பின்னால் போனபோது அவள் நிறுத்தவில்லை. அச்சின் விளிம்பால் தலையில் அடித்தாள். தோளில் அடித்தாள். அவன் உட்கார்ந்த பிறகும் அடித்தாள். உள்ளங்கைத் தோல் தகரத்தோடு உரிந்து வந்தது கண்ணுக்குத் தெரிந்ததே தவிர வலி தெரியவில்லை. ஒவ்வொரு அடிக்கும் உள்ளே ஏதோ ஒன்று நிறைந்தது. பிற்பாடு ஜெசிந்தாவிடம் அதை மறைக்காமல் சொன்னாள்: "நல்லா இருந்துச்சுக்கா. அதை நினைச்சாத்தான் பயமா இருக்கு."

முனியம்மாளின் கூக்குரல் கேட்டு ஓடிவந்த ஜெசிந்தா ஜன்னல் வழியாகக் கையை விட்டுத் தாழ்ப்பாளைத் திறந்தாள். இரண்டு பேரையும் ஒரே ஆட்டோவில் ஏற்ற மறுத்து, இளவரசியை மட்டும் தன் ஸ்கூட்டரின் பின்னால் துப்பட்டாவால் தன்னோடு சேர்த்துக் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

இரண்டு நாள் கழித்து மகளிர் காவல் நிலையம். கை இரண்டும் துணிப் பொதியாக, தலையில் ஒன்பது தையலோடு இளவரசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முனியம்மாள் பாட்டிலை மேசைமேல் வைத்து, "குடிச்சிட்டு என் புள்ள மூஞ்சிய வேவ வெச்சிட்டாம்மா" என்று புகார் கொடுத்தாள். பெண் எஸ்.ஐ. மூடியைத் திறந்து முகர்ந்தார்.

"சரக்குதானே இது?"

"ஆமாம் மேடம், சரக்குதான். குடிக்கறதுக்கு இல்ல" என்றாள் இளவரசி. காயைப் பற்றியும் ஊறலைப் பற்றியும் சொன்னாள். எஸ்.ஐ. பாதி நம்பினார். மீதியை ஜெசிந்தா நம்ப வைத்தாள். ஐந்து வருஷத்துக்கு முந்தைய முதுகுத் தழும்பிலிருந்து தொடங்கி, எந்த மாதம் எந்த எலும்பு என்பதுவரை தேதியோடு வாக்குமூலம் கொடுத்தாள். இரண்டு புகாரும் பதிவாயின.

விருத்தாசலம் மண்டகப்பட்டிலிருந்து வந்தவர் நிலையத்து வராந்தாவிலேயே ஆரம்பித்துவிட்டார். "புருசன் மூஞ்சில கைவெச்சிட்டு வந்து நிக்கிறியே, உனக்கு வெக்கமா இல்ல? கேஸை வாபஸ் வாங்கு. ஜல்தி கிளம்பு, மாப்பிள்ளை கால்ல வுழுந்து மன்னிப்பு கேளு."

"முடியாதுப்பா."

அவர் கையை ஓங்கினார். கட்டுப் போட்ட கையால் அவள் அந்தக் கையைத் தடுத்துப் பிடித்தாள். புண் அழுந்தி, கட்டில் புதுரத்தம் ஊறியது. விடவில்லை. "அம்மாவை அடிச்ச கைன்னு தெரியும்பா. என்மேல இனிமே படக்கூடாது" என்றாள். உள்ளேயிருந்து ஒரு காவலர் எட்டிப் பார்த்தார். விருத்தாசலம் கையை உருவிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

கை ஆறும்வரை ஜெசிந்தா வீட்டில் இருந்தாள். ஒருநாள் காலை அடுப்பில் பால் பொங்கி, கருகி, பாத்திரமே கறுத்துப் புகை கிளம்பிவிட்டது. இளவரசி பக்கத்திலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா குளியலறையிலிருந்து கத்தியபோதுதான் திரும்பிப் பார்த்தாள். வெங்காயத்தை மூக்கில் வைத்துப் பார்த்தாள். கண் எரிந்தது, வாசனை இல்லை. வெனிலா காய் வைத்திருந்த டப்பாவைத் திறந்து முகத்தையே உள்ளே புதைத்தாள். ஒன்றுமில்லை. பின்மண்டையில் விழுந்த அடியில் வாசனை நரம்பு அறுந்திருக்கலாம், திரும்பி வருவது சந்தேகம் என்று டாக்டர் சொன்னார். அடிபட்டபோதெல்லாம் அழாதவள் அந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க அழுதாள்.

கலைப்பிரியா டீச்சர் பார்த்துக் கொடுத்த அறைக்கு, விழுப்புரத்துக்கு மாறினாள். மாடியில் ஒற்றை அறை, வெளியே இரும்புப் படிக்கட்டு. கீழே குப்பம்மாள் இஸ்திரிக் கடை வைத்திருந்தாள். இளவரசி திரும்பவும் கேக் செய்தாள், இப்போது மூக்கை நம்பாமல். காய் இத்தனை கிராம், சாராயம் இத்தனை மில்லி, நாள் இத்தனை. ஓவனுக்கு நிமிஷக் கணக்கு. அளவு சரியாக இருந்தால் வாசனையும் சரியாக இருந்தே தீரும் என்பது அவளுக்குத் தெரியும். தின்றவர்கள் முகத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்வாள்.

ஆவணியில் ஒரு மத்தியானம். கேப்பை பிஸ்கட்டை ஓவனில் வைத்துவிட்டு, புழுதிக்குப் பயந்து கதவைச் சாத்தி வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். கதவுக்கு அடியிலிருந்து ஈரம் ஊர்ந்து வந்து காலை நனைத்தது. மொட்டைமாடித் தொட்டி வழிகிறது என்று நினைத்துக் குனிந்து விரலால் தொட்டாள். மூக்கருகே கொண்டுபோனாள், பழக்கதோஷம். எதுவும் தெரியவில்லை. ஆனால் விரல் சில்லென்று குளிர்ந்தது, அடுத்த நொடியே காய்ந்தும்போனது. தண்ணீர் அப்படிக் காயாது.

பெட்ரோல்.

ஓவன் சுவிட்ச் மூலையில் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. அதைத் தொட்டால் பொறி பறக்கும். அவள் பூரிக்கட்டையை எடுத்துக்கொண்டு, "குப்பம்மா!" என்று அலறியபடி கதவை இழுத்துத் திறந்தாள். படிக்கட்டின் மேல்படியில் வல்லரசு நின்றான். இடது கன்னம் முழுக்கச் சுருங்கிப் பளபளத்தது. காலடியில் காலி பாட்டில். கையில் தீப்பெட்டி. முதல் குச்சி ஈரத்தில் ஒடிந்துபோய், இரண்டாவதை எடுத்துக்கொண்டிருந்தான்.

"உன்னையும் வேவ வெக்கிறேன்டி" என்றான்.

அவள் அவன் கைமேல் ஓங்கி அடித்தாள். தீப்பெட்டி பறந்து தெருவில் விழுந்தது. அவன் அவள் கழுத்தைப் பிடித்தான். அவள் முழங்காலால் வயிற்றில் இடித்து, தோளைக் கொடுத்து முழு பலத்தோடு தள்ளினாள். பதினான்கு படியும் உருண்டு தலைகுப்புறக் கீழே விழுந்தான். கால் எலும்பு முறிந்த சத்தம் மாடிவரை கேட்டது. பெட்ரோல் நாற்றத்தை முதலிலேயே உணர்ந்து வெளியே வந்திருந்த குப்பம்மாள் அவன்மேல் ஏறி உட்கார்ந்து, துணி உலர்த்தும் கழியால் அவன் எழ எழப் போட்டாள். "பொம்பள வூட்டுக்கு நெருப்பு வெக்க வந்தியாடா பேமானி!" பக்கத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து மேலும் நாலு சாத்துச் சாத்திய பிறகுதான் போலீஸ் வந்தது. யாரோ கீழே மெயினை அணைத்தார்கள். இளவரசி வாளி வாளியாகத் தண்ணீரும் மணலும் கொட்டி அறையைக் கழுவினாள். பிஸ்கட் எல்லாவற்றையும் குப்பையில் போட்டாள். அவை எப்படி நாறின என்று அவளுக்குத் தெரியாது, குப்பம்மாள் சொல்லித்தான் தெரியும்.

வல்லரசு கொலை முயற்சி வழக்கில் உள்ளே போனான். நடுவில் ஜாமீனில் வந்தான், விழுப்புரம் நகர எல்லைக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு. வழக்கு நடக்கிறது. அவன் முகத்தைச் சுட்டதற்காக அவள்மேல் போட்ட வழக்கும் திண்டிவனத்தில் நடக்கிறது. வாய்தா நாட்களில் காலை பஸ் பிடித்துப் போகிறாள். கோர்ட்டு வாசலில் அவன் எதிரே வந்தால் அவள் ஒதுங்குவதில்லை, அவன்தான் நொண்டிக்கொண்டு ஓரம் போகிறான். முனியம்மாள் ஒருநாள் கிட்ட வந்து, "சோறு ஆக்க ஆளில்லமா" என்றாள். இளவரசி பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள்.

கதவுக்கு அடியில் இப்போது ரப்பர்ப் பட்டை அடித்திருக்கிறாள். காஸ் கசிந்தால் கூவுகிற பெட்டியொன்றைச் சுவரில் மாட்டியிருக்கிறாள். தினமும் காலையில் குப்பம்மாள் மேலே வந்து அறை முழுக்க ஒரு சுற்று மூக்கைவிட்டுப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல, அடுப்பப் பத்தவை" என்பாள். சர்க்கரை வியாதிக்காரி, கேக்கை வாயில் வைக்கமாட்டாள். ஆனால் ஊறும் பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்து பார்ப்பதில் அவளுக்கு ஒரு ஆசை.

போன வாரம் கடைசிப் பாட்டிலைத் திறந்து கொஞ்ச நேரம் கண்ணை மூடி முகர்ந்தாள்.

"இன்னும் சரக்கு நெடி மேல நிக்குது" என்றாள். "பத்து நாள் போவட்டும்."

இளவரசி பாட்டிலில் ஒட்டியிருந்த தாளில் தேதியை அடித்துவிட்டு, புதுத் தேதியை எழுதி, மூடியைத் திருகி அலமாரியில் வைத்தாள்.